சனிக்கிழமை சம்பளம்... ஞாயிற்றுக்கிழமை பந்தயம்! - திருப்பூரிலிருந்து பூலாம்வலசு வரை ஒரு சுற்று

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கால் வைக்க இடம் கிடைக்காது. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள். கட்டிங், பவர் டேபிள், அயர்ன், செக்கிங், கைமடித்தல் என்று ஆறு நாள் உழைத்தவர்கள் மொத்தமாகத் தெருவுக்கு வருகிறார்கள். பானிபூரி வண்டி, செல்போன் கவர் கடை, பரோட்டா மாஸ்டரின் தோசைக்கல் சத்தம், ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் வீட்டுக்குப் போன் பேசும் குரல்கள்... காதர்பேட்டை பக்கம் போனால் செகண்ட்ஸ் டி-சர்ட் வாங்கும் கூட்டம் வேறு.

அந்தப் பணம் ஏற்கெனவே பல இடங்களில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். மளிகைக் கடை பாக்கி, மெஸ் கணக்கு, ரூம் வாடகை, ஏலச்சீட்டு. எல்லாம் போக மிஞ்சும் சில நூறுகளுக்குத்தான் நகரத்தில் பெரிய போட்டி. டாஸ்மாக் ஒரு பக்கம், மொபைல் ஆப் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், எந்த போர்டும் இல்லாமல், ஒரு துண்டுச் சீட்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுக்கும் ஆள்.

வாரச் சம்பளம் வாங்கும் தொழிலாளியின் பாக்கெட்டைக் குறிவைத்துச் சூதாட்டம் வளர்ந்தது திருப்பூரில் மட்டும் நடந்த கதை இல்லை. துணி நெய்த ஊர்கள் பலவற்றிலும் இது நடந்திருக்கிறது. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டரிலிருந்தே தொடங்கலாம்.

மான்செஸ்டரில் ஓடிய நாய்கள்

1926 ஜூலை 24. மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானம். தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மை முயலை கிரேஹவுண்ட் நாய்கள் துரத்தின. பிரிட்டனின் முதல் நவீன நாய்ப் பந்தயம் அதுதான். முதல் நாள் வந்தவர்கள் சுமார் 1,700 பேர். சில வாரங்களிலேயே கூட்டம் பல மடங்கானது. கிரேஹவுண்ட் எப்படி இருக்கும் என்று சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஒட்டிய வயிறு, அதே நீண்ட கால், அதே மிரட்சியான பார்வை.

தொழிலாளர்கள் நாய்ப் பந்தயத்தின் பின்னால் போனதற்குக் காரணம் எளிமையானது. குதிரைப் பந்தயம் பகலில் நடக்கும், ஊருக்கு வெளியே நடக்கும். ஆலைத் தொழிலாளிக்கு அது எட்டாது. நாய்ப் பந்தயமோ ஷிப்ட் முடிந்த பிறகு, ஊருக்குள்ளேயே. இன்னொரு காரணம் சட்டம். பந்தய மைதானத்துக்குள் பணம் கட்டினால் குற்றமில்லை. தெருவில் கட்டினால் 1906-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணக்காரர் குதிரை மைதானத்தில் சட்டப்படி ஆயிரம் பவுண்டு தோற்கலாம். தொழிலாளி ஆலை வாசலில் ஒரு ஷில்லிங் கட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆனாலும் கட்டினார்கள். ஆலை வாசல்களில் சீட்டு வாங்கும் 'ரன்னர்'கள் நின்றார்கள். 1961-ல் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்படும் வரை இந்த ஒளிந்து விளையாடும் ஆட்டம் நீடித்தது.

சட்டம் பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கும் இடத்தில் ரவுடிகள் நுழைவார்கள். 1920-களில் இங்கிலாந்தின் குதிரை மைதானங்களில் சபீனி என்ற கும்பலின் ராஜ்ஜியம். அவர்கள் நேரடியாக மாமூல் கேட்கவில்லை. பந்தயத் தொகை எழுதும் கரும்பலகைக்குச் சாக்பீஸ், அதைத் துடைக்கப் பஞ்சு, வாளித் தண்ணீர், பந்தயப் பட்டியல் எல்லாவற்றையும் 'சேவை' என்ற பெயரில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். வேண்டாம் என்று சொன்ன புக்கி அடுத்த நாள் கடை போட முடியாது. பூக்கடைக்காரரிடம் 'திருவிழா நன்கொடை' ரசீது நீட்டும் கை நம்மூரிலும் உண்டு என்பதால், இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமமிருக்காது.

அமெரிக்காவில் கதை இன்னும் தடித்தது. ஓடும் பொம்மை முயலை உருவாக்கியவர் ஓவன் பேட்ரிக் ஸ்மித். அதை வைத்து 1919-ல் கலிபோர்னியாவின் எமெரிவில்லில் மைதானம் திறந்தார். அந்தப் பொம்மை முயலின் உரிமையைக் கைக்குள் கொண்டுவந்த வழக்கறிஞர் எட்வர்ட் ஓ'ஹேர், சிகாகோ பக்கம் சிசரோவில் அல் கபோனின் ஆட்களோடு சேர்ந்து நாய்ப் பந்தய மைதானம் நடத்தினார். பிறகு அவரே வருமான வரி அதிகாரிகளுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தார். கபோன் 1931-ல் தண்டிக்கப்பட்டார். 1939 நவம்பர் 8 அன்று, கபோன் சிறையிலிருந்து வெளிவரச் சில நாள்களே இருந்தபோது, காரில் போய்க்கொண்டிருந்த ஓ'ஹேர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன் இரண்டாம் உலகப்போரில் விமானியாகச் சாகசம் செய்து உயிர்நீத்தவர். சிகாகோ விமான நிலையத்தின் ஓ'ஹேர் என்ற பெயர் அந்த மகனுக்காக வைக்கப்பட்டது. திருப்பூரிலிருந்து சாம்பிள் பெட்டியோடு அமெரிக்கா போகும் ஏற்றுமதியாளர்களில் எத்தனை பேர் அங்கே இறங்கியிருப்பார்கள்!

பஞ்சு விலையில் பிறந்த மட்கா

மான்செஸ்டருக்கு நாய் என்றால், பம்பாய்க்கு எண். அங்கே சூதாட்டத்துக்கு விதை போட்டதே பருத்திதான். நியூயார்க் பருத்திச் சந்தையில் தொடங்கும் விலையும் முடியும் விலையும் தந்தி வழியாக பம்பாய் பருத்திச் சந்தைக்கு வரும். அந்த எண் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். 1961-ல் நியூயார்க்கிலிருந்து அந்த விலை வருவது நின்றது. சூது நிற்கவில்லை. பானைக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கத் தொடங்கினார்கள். பானைக்கு அங்கே மட்கா என்று பெயர். 1962-ல் கல்யாண்ஜி பகத்தும் 1964-ல் ரத்தன் காத்ரியும் தனித்தனியே தொடங்கிய மட்கா ஆட்டங்கள் மில் பகுதிகள் முழுக்கப் பரவின. மில் தொழிலாளர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள்.

இன்றைக்குத் திருப்பூரில் எழுதப்படும் மூன்று எண் சீட்டுக்கு இந்தப் பானை ஒரு தாத்தா என்றால், நியூயார்க்கின் ஹார்லெம் இன்னொரு தாத்தா. அங்கே 1920-களிலும் 30-களிலும் ஏழைகள் மூன்று இலக்க எண்ணில் காசு கட்டினார்கள். ஜெயிக்கும் எண்ணை, குதிரைப் பந்தய மைதானங்களில் வசூலான தொகையிலிருந்து எடுத்தார்கள். யாரும் ஏமாற்ற முடியாது என்று மக்கள் நம்பினார்கள். டச் ஷுல்ட்ஸ் என்ற கும்பல் தலைவன் அந்தத் தொழிலை மிரட்டிப் பிடுங்கினான். அவனுடைய கணக்குப்பிள்ளை ஓட்டோ பெர்மன் மைதானத்திலேயே கடைசி நேரத்தில் பணம் கட்டி, நிறைய பேர் எழுதியிருந்த எண் விழாதபடி மொத்தத் தொகையை மாற்றினான். கணக்கில் புலி! 1935-ல் இருவரும் ஒரே நாளில் சுடப்பட்டார்கள்.

காங்கேயம் ரோட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிகளுக்கு லீவு. திருப்பூரிலிருந்து காங்கேயம் பஸ் ஏறி உட்கார்ந்தால் நல்லூர் தாண்டும்வரை கட்டடங்கள், பிறகு மெல்ல மெல்ல வானம். பச்சைக்கல் கிடைத்த ஊரான படியூர் வருகிறது. அப்புறம் சிவன்மலை. மலை மேல் முருகன் கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் உத்தரவான பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். அரிசி வைத்தால் அரிசி விலை என்னாகுமோ, மண் வைத்தால் நிலம் என்னாகுமோ என்று இந்த வட்டாரமே பேசும். வருங்காலத்தைக் காசு கட்டாமல் ஊகிக்கும் இடம் இந்த ரூட்டில் இது ஒன்றுதான்.

காங்கேயம் வந்துவிட்டால் கொப்பரைக் களங்கள், அரிசி ஆலைகள். ஊர் எல்லை தாண்டினால் கொறங்காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல். மழை குறைந்த இந்த மண்ணில் மாட்டை மேய்க்க முன்னோர் கண்டுபிடித்த வழி. மயிலை, செவலை, காரி என்று நிறம் பிரித்து அழைக்கப்படும் காங்கேயம் காளைகள் இங்கேதான் வளர்கின்றன. நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுச்சந்தை கூடுகிறது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிப் பெரிய மாட்டுச்சந்தை.

இந்தக் காளைகளின் விளையாட்டு ரேக்ளா. தெற்கே சிவகங்கை, மதுரைப் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, பல வண்டிகளை ஒன்றாக விட்டு, மைல் கணக்கில் ஓட்டுவார்கள். கொங்கு ரேக்ளா வேறு மாதிரி. 200 மீட்டர் அல்லது 300 மீட்டர். ஒரு ஜோடி ஓடி முடித்த பிறகுதான் அடுத்த ஜோடி. யார் முந்தினார் என்பதில்லை, எத்தனை நொடி என்பதுதான் கேள்வி. நொடியின் பின்னத்தில் பரிசு கைமாறும். தங்கக் காசு கொடுப்பது வழக்கம்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. ஆறு நாய்கள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் ஒரு நாயை மட்டும் மந்தமாக்கினால் முடிவு புரண்டுவிடும். ஓடுவதற்கு முன் கொஞ்சம் அதிகத் தீனியும் தண்ணீரும் கொடுத்தாலே போதும். தனித்தனியே கடிகாரத்தோடு ஓடும் ரேக்ளாவில் அந்தத் தில்லுமுல்லு கடினம். வெளியாட்கள் யாரும் மாட்டின் மேல் பெரிய தொழில் கட்டி எழுப்பாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓரமாக நின்று இருவர் தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொள்வது வேறு. மாட்டுக்காரருக்கு ஜெயிப்பதில் கிடைப்பது தங்கக் காசை விடப் பெரியது: அடுத்த சந்தையில் தன் காளைக்குக் கிடைக்கும் பேர்.

அதற்காக மாட்டுக்கு எல்லாம் சுகம் என்று சொல்லிவிட முடியாது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயங்களையும் தடை செய்தபோது, வாலை முறுக்குவது, அடிப்பது, எரிச்சலூட்டும் பொருளைத் தடவுவது எல்லாம் தீர்ப்பில் இடம்பெற்றன. 2017 ஜனவரியில் மெரினாவும் கோவை வ.உ.சி. மைதானமும் நிரம்பின. சட்டசபை சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருப்பூர் மாவட்டத்திலேயே அலகுமலையில் இப்போது ஜல்லிக்கட்டு நடக்கிறது.

சேவலின் காலில் கத்தி

காங்கேயத்திலிருந்து கிழக்கே வெள்ளகோவில். விசைத்தறியும் முருங்கைக்காய் மண்டியும் உள்ள ஊர். அதற்கும் அப்பால் கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சி வட்டாரம். அங்கே பூலாம்வலசு என்ற சிற்றூர். வருஷம் முழுக்க அமைதியாகக் கிடக்கும் இந்த ஊரின் பெயர் பொங்கல் சமயத்தில் மாநிலம் முழுக்கக் கேட்கும். காரணம், சேவல்கட்டு.

கட்டுச்சேவல் வளர்ப்பவர்களிடம் பேசினால் அது தனி உலகம். காகம், வல்லூறு, ஆந்தை, கோழி, மயில் என்று பஞ்சபட்சிக் கணக்கில் நிறம் பார்ப்பார்கள். எந்த நாள், எந்தப் பொழுதில், எந்த நிறத்துக்கு எந்த நிறம் ஜெயிக்கும் என்று நோட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. வெற்றுக்கால் சண்டை ஒரு வகை, காலில் சின்னக் கத்தியைக் கட்டிவிடும் கத்திக்கட்டு இன்னொரு வகை. தோற்று விழுந்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்தவர் எடுத்துக்கொள்வார். கோச்சைக் கறிக்கு ருசி அதிகம் என்று சொல்லி நல்ல விலை கொடுத்து வாங்கவும் ஆள் உண்டு.

2014 பொங்கலில் அங்கே கத்தி பட்டு இரண்டு பேர் இறந்தார்கள். சண்டை போட்ட சேவல்கள் அல்ல, வேடிக்கை பார்க்க வந்த மனிதர்கள். அதன் பிறகு தடை, நீதிமன்றம், நிபந்தனைகள் என்று பல வருஷம் இழுத்தது. கத்தி கட்டக்கூடாது, பந்தயம் கட்டக்கூடாது என்பவைதான் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனைகள்.

சட்டம் புதிதும் இல்லை. 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பொது இடத்தில் பறவைகளையும் விலங்குகளையும் சண்டைக்கு விடுவதை அப்போதே குற்றமாக்கியது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனாலும் பொங்கல் நெருங்கினால் தோட்டத்து மறைவிலும் ஆற்றுப் படுகையிலும் போலீஸ் சுற்றிவளைப்பதும், பைக்குகளும் சேவல்களும் பிடிபடுவதும் செய்தியாக வந்துகொண்டேதான் இருக்கிறது. பிடிபட்ட சேவலைப் பராமரிப்பது ஸ்டேஷனுக்குத் தனித் தலைவலி.

ரூ.614-க்கு 160 ஏக்கர்

சேவலுக்குத் தடை, சீட்டுக்குத் தடை... குதிரைக்கு? இங்கேதான் மான்செஸ்டர் கதை நம்மூரில் திரும்ப வருகிறது.

கிண்டியில் 1777-லிருந்தே குதிரைப் பந்தயம் உண்டு. 1974-ல் தி.மு.க. அரசு அதை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்தது; எனவே சூதாட்டத்தில் சேராது. குதிரையின் பரம்பரை, ஜாக்கியின் திறன், தரையின் தன்மை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது வாதம். சேவல்காரர் நிறமும் பொழுதும் பார்த்துப் போடும் கணக்கைத் திறமை என்று எடுத்துச் சொல்ல அவருக்குப் பெரிய வக்கீல் கிடைக்கவில்லை.

அந்தக் கிண்டி மைதானம் 1945-ல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. சுமார் 160 ஏக்கருக்கு வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. சென்னையின் நடுவில்! பிற்காலத்தில் அரசு வாடகையை உயர்த்த, பாக்கி 730 கோடி ரூபாய் என்று வந்து நின்றது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து, மைதானத்துக்கு சீல் வைத்தார்கள்.

மூன்று எண்

திரும்பவும் திருப்பூர். 1968-ல் தமிழ்நாடு அரசே லாட்டரி தொடங்கியது. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடை, மைக்கில் 'நாளை குலுக்கல்' என்று கூவும் சைக்கிள்காரர். கூலி வாங்கிய கையோடு மொத்தத்தையும் சுரண்டல் சீட்டில் விட்டவர்கள் ஏராளம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. பல குடும்பங்கள் மூச்சு விட்டன. சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வேறு வேலை தேடி அலைந்ததும் நடந்தது.

பக்கத்துக் கேரளத்தில் 1967-லிருந்தே அரசு லாட்டரி, தினமும் பிற்பகலில் குலுக்கல். அதன் முடிவு செல்போனில் உடனே வந்துவிடுகிறது. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்ன என்பதுதான் இங்கே நடக்கும் கள்ளப் பந்தயம். கேரள அரசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண் மட்டும் இரவல். பருத்தி விலையை இரவல் வாங்கிய பம்பாய் போல, குதிரை மைதானத்துத் தொகையை இரவல் வாங்கிய ஹார்லெம் போல. துண்டுச் சீட்டோ வாட்ஸ்அப்போ போதும். கடையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம்.

கணக்கு மட்டும் பார்த்துவிடலாம். மூன்று இலக்கத்தில் 000 முதல் 999 வரை 1,000 எண்கள். ஒரு பேச்சுக்கு, 50 ரூபாய் கட்டினால் 25,000 ரூபாய் என்று ஒருவர் ஆசை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணுக்கும் ஆள் கட்டினால் வசூல் 50,000. ஜெயித்தவருக்குப் போவது 25,000. மீதிப் பாதி அப்படியே நடத்துபவருக்கு. ஹார்லெமில்கூட ஒன்றுக்கு 600 கொடுத்தார்கள். இந்தக் கணக்கில் 500தான். ஜெயித்தவர் நம்பர் தெருவெல்லாம் பேசப்படும், தோற்ற 999 பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். பணம் தராமல் ஏமாற்றினால் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? சீட்டே குற்றம்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று குழந்தைகள் என்று ஒரு குடும்பமே மாண்டது. மூன்று எண் லாட்டரியில் விட்ட பணமும் கடனும்தான் காரணம் என்று வெளியான வீடியோவை அன்று தமிழ்நாடே பார்த்தது. சில வாரங்கள் ஊர் ஊராகக் கைதுகள் நடந்தன.

லாட்டரி ஒழிந்த தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு தகவலும் உண்டு. 2024-ல் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் நாட்டிலேயே அதிகமாக 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது கோவை முகவரி கொண்ட லாட்டரி நிறுவனம். லாட்டரிக்கு அனுமதியுள்ள மாநிலங்களில் அது சட்டப்படியான வணிகம்.

செல்போன் ரம்மியும் வந்தது. 2022-ல் மாநிலம் தடைச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் ரம்மி, போக்கர் திறமை ஆட்டங்கள் என்று உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. அதே கிண்டி வாதம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது.

ஞாயிறு சாயங்காலம் வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் வரும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள், மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு பாட்டிகள். சிவன்மலை அடிவாரம் வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஜன்னலோரம் ஒரு வாலிபன், போனில் எதையோ தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறான். நல்லூர் தாண்டியதும் கம்பெனி விளக்குகள். நாளைக்குக் காலை எட்டரைக்கு ஷிப்ட்.